நீராவி இன்ஜின் அருகே கேட்ட ஒரு சொல்

போன வருடம் ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஓசூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் பயிற்சிக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. மறுநாள் எனக்குச் செய்முறைத் தேர்வு. ஒரு இரும்புத் துண்டை அரத்தால் ராவி, சொன்ன அளவுக்குக் கொண்டுவர வேண்டும். தேறினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ராமநாதபுரம் பக்கம் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

பதற்றத்தில் அறைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்த என்னை அறை நண்பன் வெளியே இழுத்துப் போனான். அவன் ஓசூரை ஒட்டிய கெலவரப்பள்ளி பக்கத்துக்காரன். வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ். எல்லை தாண்டி கர்நாடகாவில் ஒரு பழைய தொழிற்சாலையை அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். ஞாயிறுதோறும் அந்தக் காலத்து நீராவி இன்ஜினை நிஜமாகவே ஓட்டிக் காட்டுவார்கள்.

அங்கே ஆளைவிடப் பெரிய சக்கரம் சுற்றச் சுற்ற, காலுக்குக் கீழே தரை அதிர்ந்தது. காக்கிச் சட்டை போட்ட ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், வால்வைத் திருகி அதை ஓட்டிக்கொண்டிருந்தார். நண்பன் தண்ணீர் பிடிக்கப் போனான்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எழுத்தைக் கண்டால் நின்று படிக்காமல் நகர மாட்டேன். இன்ஜின் ஓரத்துப் பித்தளைத் தகட்டில் ஆங்கிலத்தில் ஏதோ பொறித்திருந்தது. தடுப்புக் கயிற்றுக்கு மேலே உடம்பை வளைத்து எட்டினேன். அது என் தப்புதான். பிடிமானத்துக்காக, பளபளவென்றிருந்த செப்புக் குழாயை நோக்கி வலது கையை நீட்டினேன்.

"பிஸி! பிஸி!" என்று அந்தப் பெண் கத்தினார். மற்றது இன்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை.

வேலையாக இருக்கிறாராம், தொந்தரவு செய்யக் கூடாதாம் என்று நினைத்துக்கொண்டேன். "இருக்கட்டும் மேடம், நீங்க வேலையப் பாருங்க. நானே படிச்சுக்கிறேன்" என்றேன் பெருந்தன்மையாக.

கை குழாயைத் தொட ஒரு விரற்கடைதான் இருந்தது. அவர் பாய்ந்து வந்து என் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார். பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு வந்ததே கோபம்!

"எதுக்கு இப்படித் தள்ளுறீக? பிஸின்னா வாயால சொன்னாப் பத்தாதா?"

ஓடி வந்த நண்பன் தலையில் அடித்துக்கொண்டான். "டேய் மடையா, கன்னடத்துல பிசின்னா சூடு! புதன்கிழமை ஆனா கேண்டீன்ல பிசிபேளாபாத் ரெண்டு தட்டு அடிக்கிறியே, அது என்ன, வேலையா இருக்கிற சோறா?"

அப்போதுதான் பார்த்தேன். தள்ளும்போது அவருடைய முன்கை அந்தக் குழாயில் பட்டிருக்கிறது. மணிக்கட்டுக்கு மேலே நான்கு விரல் நீளத்துக்குத் தோல் வழன்று சிவந்திருந்தது. அந்தக் கையாலேயே வால்வை மூடி, சக்கரம் முழுசாக நின்ற பிறகுதான் அவர் தண்ணீர்க் குழாயடிக்குப் போனார்.

பின்னாலேயே ஓடிப்போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்று நண்பன் கன்னடத்தில் விளக்க, அந்த எரிச்சலிலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தமிழிலேயே பேசினார். "நீங்க புரிஞ்சுக்கிட்டதும் தப்பில்ல. இன்ஜின் ஓட்டறது, எண்ணெ ஊத்தறது, உங்கள மாதிரி ஆளுங்கள மேய்க்கறது, எல்லாத்துக்கும் நான் ஒருத்திதான். நிஜமாவே பிஸிதான்! எங்க, உங்க கையக் காமிங்க."

என் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை.

"நாளைக்கு எனக்குக் கையால செய்யிற பரீட்சைங்க" என்றேன்.

"அப்ப இங்க என்ன வேலை? போய் ஒழுங்கா பண்ணுங்க" என்று விரட்டினார்.

தேறிவிட்டேன். இப்போது நான் வேலை செய்யும் இடத்தில் இந்தி, ஒடியா, தெலுங்கு எல்லாம் கேட்கும். யாராவது எனக்குப் புரியாத மொழியில் சத்தம் போட்டால், முதலில் கையை எடுத்துவிட்டு, பிறகுதான் அர்த்தம் கேட்கிறேன்.