உட்கார்ந்தால் வரும் வலி

கிரேன் என்று எல்லோரும் கூப்பிடுகிற சுமைக்காரனுக்கு அவனுடைய கூட்டாளிகள் கூலிப் பணம் கடன்பட்டிருந்தார்கள். ஒரு மழைக்காலம் முழுவதற்குமான பங்கு. கையில் காசில்லாமல் இல்லை, கொடுக்க மனசில்லாமல். அவனுக்கு வந்த நெஞ்சுவலி பொய் என்று கூட்டமாக உட்கார்ந்து முடிவு கட்டிவிட்டார்கள். அத்தனை பேர் மூளையையும் என் தராசில் ஏற்றினால் ஒரு கிலோ வெங்காயத்துக்குத் தேறாது. ஆனாலும் முடிவு முடிவுதானாம்.

அவர்கள் மூட்டை தூக்குகிற கோல்ட் ஸ்டோரேஜ் என்னுடையது. நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அழுகின கிழங்கைப் பொறுக்கி வெளியே தள்ளுகிற கூலியாக உள்ளே நுழைந்தவள், இன்றைக்கு நாலு குளிர் அறைச் சாவியும் என் இடுப்பில் தொங்குகிறது. கணக்குப்பிள்ளை பேனாவைத் திறப்பதற்குள் நான் மனசிலேயே கூட்டி முடித்துவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை என்று மற்றவர்கள் சொல்வார்கள். நான் பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

கிரேன் என்பது அவன் அப்பா அம்மா வைத்த பெயர் இல்லை. இரண்டு பேர் சேர்ந்து புரட்டுகிற உருளைக்கிழங்கு மூட்டையைக் கொக்கி கூடப் போடாமல் தனியாளாகத் தோளில் ஏற்றிக்கொண்டு லாரிக்குச் சாய்த்த பலகையில் ஓடுவான். ஏற்றியபின் திரும்பிப் பார்ப்பான், யாராவது பார்த்தார்களா என்று. பார்த்திருந்தால் அன்றைக்கு முழுக்க அவனுக்கு வயிறு நிறைந்த மாதிரி. யாரும் பார்க்கவில்லை என்றால் இன்னொரு மூட்டைக்குப் போவான். அவன் மனைவி என் கொட்டகையில் மூட்டை வாய் தைக்கிறவள். "ஊசியில நூல் கோக்கச் சொன்னா மட்டும் கை நடுங்குதும்மா இதுக்கு" என்பாள். புருஷனை அவள் 'இது' என்றுதான் சொல்லுவாள், அவன் எதிரிலேயே.

எங்கள் இடத்தில் கூலி கொடுக்கிற முறை ஒன்று உண்டு. வாரக் கூலியை மொத்தமாக மேஸ்திரி கையில் கொடுத்துவிடுவேன். அவன் எல்லோருக்கும் சமமாகப் பிரிப்பான். ஒருவனுக்குக் கால் முறிந்தாலும் காய்ச்சல் வந்தாலும் அவன் பங்கு அவனுக்கு வந்துகொண்டிருக்கும். மற்றவர்கள் அவனுக்கும் சேர்த்து உழைப்பார்கள். ஆனால் உடம்பு நிஜமாகவே சரியில்லையா, சோம்பேறித்தனமா என்று தீர்ப்பு சொல்வது அந்தக் கூட்டம்தான். சந்தேகம் என்றால் பங்கை மேஸ்திரி தனியே எடுத்து வைப்பான். பருவம் முடிந்தும் சந்தேகம் தீராவிட்டால் அதை மற்றவர்கள் பிரித்துக்கொள்வார்கள், அந்த ஆள் கூட்டத்தை விட்டும் போகவேண்டியதுதான். முதலாளி இதில் விரல் நுழைக்கக் கூடாது. நானும் நுழைத்ததில்லை. நாக்கை மட்டும் நுழைப்பேன்.

மழை தொடங்கின சமயம். விடிகாலையில் கிரேன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருக்கிறான். நடு நெஞ்சில் யாரோ முழங்காலை ஊன்றி ஏறின மாதிரி இருந்ததாம். தாடை வரைக்கும் இழுத்ததாம். கொஞ்ச நேரத்தில் ஒன்றுமே நடக்காத மாதிரி விட்டுவிட்டது. அடுத்த நாளும் அதே நேரம். அப்புறம் வாரத்தில் பாதி நாள். பயந்துபோய் வேலைக்கு வராமல் இருந்தான். வந்து காரணத்தைச் சொன்னபோது கூட்டம் சிரித்தது.

"மூட்டை தூக்கறப்போ வலிக்குதா?" என்று மேஸ்திரி கேட்டான்.

"இல்ல."

"பலகை ஏர்றப்போ?"

"இல்ல மேஸ்திரி. சும்மா உக்காந்திருக்கறப்போதான்."

"சும்மா உக்காந்தா எனக்குக் கூடத்தான் வலிக்கும். வேலைக்குப் போகணுமேன்னு."

இவர்களுக்குத் தெரிந்த நெஞ்சுவலி ஒன்றே ஒன்று: சுமையோடு ஏறும்போது வருவது. ஏறினால் வராதது வலியே இல்லை. அதனால் மேஸ்திரி ஒரு பரீட்சை வைத்தான். இருக்கிறதிலேயே கனமான மூட்டையை, மழையில் நனைந்து ஊறினதாகப் பார்த்து, கிரேன் தோளில் ஏற்றினான். பலகையில் ஏறி லாரியில் போட்டுவிட்டு வரவேண்டும். வலித்தால் வியாதி, வலிக்காவிட்டால் நடிப்பு.

கொஞ்சமாவது புத்தி இருக்கிறவன் பாதிப் பலகையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இவன் கிரேன் ஆயிற்றே. எல்லோரும் பார்க்கிறார்கள் என்றதும் ஓட்டமாக ஏறிப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தான். முகத்தில் சிரிப்பு வேறு. அந்தச் சிரிப்போடு அவன் பங்கு மேஸ்திரியின் தனி முடிச்சுக்குப் போயிற்று.

நான் மேஸ்திரியைக் கூப்பிட்டுச் சொன்னேன். "டேய், தூக்கறதையே திருவிழா மாதிரி கொண்டாடறவன் தூக்காம இருக்கறதுக்குப் பொய் சொல்லுவானா? மண்டையில என்ன, வைக்கோலா?"

"இது எங்க கூட்டத்து விஷயம், முதலாளிம்மா" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

சுமைக்காரர்களை மட்டும் திட்டி என்ன செய்ய? கிரேனின் மனைவி காதில் இருந்ததை விற்று அவனை ஒரு தனியார் இருதய டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், சுவரெல்லாம் பட்டம். அவரும் அதே பரீட்சையைத்தான் வைத்தார். என்ன, மூட்டைக்குப் பதில் ஓடுகிற பெல்ட். மார்பில் ஒயரை ஒட்டி ஓடச் சொன்னாராம். இவன் இயந்திரம் களைத்துப்போகிற வரைக்கும் ஓடியிருக்கிறான். "உடம்பு கல்லு மாதிரி இருக்கு. வாயுத் தொல்லை, கூடவே மனக்கவலை. எதையும் மனசுல போட்டுக்காதீங்க" என்று சொல்லிப் பணத்தை வாங்கிக்கொண்டார். மேஸ்திரி பரீட்சைக்காவது காசு வாங்கவில்லை.

கடைசியில் அரசாங்க ஆஸ்பத்திரி. நீள வரிசை, உடைந்த பெஞ்சு. அங்கே இருந்த டாக்டரம்மா ஒரே ஒரு கேள்விதான் வித்தியாசமாகக் கேட்டிருக்கிறாள்: எப்போது வலிக்கிறது என்று கேட்காமல், வலிக்கும்போது என்ன செய்துகொண்டிருந்தாய் என்று. "ஒண்ணும் செய்யல, அதான் பிரச்சனையே" என்று கிரேன் சொன்னான். அவள் சிரிக்கவில்லை. இருதயத் துடிப்பைக் கோடாக எழுதிக்கொள்கிற ஒரு சின்னப் பெட்டியை அவன் மார்பில் ஒட்டி, படுத்தாலும் எழுந்தாலும் கழற்றாதே என்று வீட்டுக்கு அனுப்பினாள். விடிகாலை வலி வந்தது. பெட்டி அதைப் பிடித்துக்கொண்டது. அப்புறம் கை நரம்பு வழியாக ஒயர் விட்டு இருதயத்தின் குழாய்களையும் பார்த்தார்கள்.

"உங்க ரத்தக் குழாய்ல அடைப்பு எதுவும் இல்ல" என்றாள் டாக்டரம்மா. "குழாயே அப்பப்போ இறுகிப் பிடிச்சுக்குது. கெண்டைக்கால் திடீர்னு இழுத்துக்கும் பாருங்க, அது மாதிரி. பிடிச்சிருக்கற வரைக்கும் ரத்தம் போகாது. விட்டதும் சரியாயிடும். ஓடறப்போ பெரும்பாலும் வராது. சும்மா இருக்கறப்போதான் வரும், முக்காவாசி விடியற நேரத்துல. ரொம்பப் பேருக்கு வர்ற வியாதி இல்ல இது."

"அப்போ நான் நடிக்கலையா?" என்று கேட்டிருக்கிறான் அந்த மடையன். பத்துப் பேர் சொல்லிச் சொல்லி அவனுக்கே சந்தேகம் வந்திருக்கிறது.

தினமும் விடாமல் மாத்திரை. வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்க வேறு ஒரு சின்ன மாத்திரை, எப்போதும் சட்டைப் பையில் இருக்கவேண்டும். சிகரெட்டைத் தொடக் கூடாது, குளிர் அறைக்குள் போகக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, நன்றாக இருக்கிறது என்று நினைத்து மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. டாக்டரம்மா இதை இரண்டு தரம் சொன்னாளாம்.

நான் அவனுக்கு எடைபோடுகிற இடத்தில் நாற்காலி போட்டுத் தருகிறேன் என்றேன். "உக்காந்து சம்பளம் வாங்கறதா? நான் கிரேன்மா" என்றான். வீட்டு வாடகை பாக்கி நிற்கிறது, பேச்சைப் பார். அவனுக்கு வேண்டியது என் நாற்காலி இல்லை. அவன் பங்கு, அவன் இடம், பொய்யன் இல்லை என்று அந்தக் கூட்டம் வாயால் சொல்லவேண்டும். ஆஸ்பத்திரிப் படத்தைத் தூக்கிக்கொண்டு மேஸ்திரியிடம் போனான்.

"பாரு மேஸ்திரி, இங்க கோடு எகிறியிருக்கு."

"கோடெல்லாம் எனக்குத் தெரியாதுப்பா. நாங்க யாராச்சும் கண்ணால பாத்தோமா?"

"வலிய எப்படிக் கண்ணுல காட்டறது?"

"விடியறப்போதானே வருதுங்கற? வந்து எங்களோட உக்காரு. எங்க முன்னாடி வரட்டும். வந்தா மொத்தத்தையும் எண்ணி வைக்கறேன். மழை நிக்கறதுக்குள்ள வரணும், அவ்வளவுதான்."

குளிர் அறைக் கதவுக்கு எதிரே ஒரு நீளப் பெஞ்சு உண்டு. லாரி வருகிற வரைக்கும் விடிகாலையில் எல்லோரும் அதில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். கதவு இடுக்கு வழியாக வருகிற குளிரில் காதோடு துண்டைச் சுற்றிக்கொண்டு, வாயிலிருந்து புகை வருகிற மாதிரி மூச்சு விட்டுக்கொண்டு. கிரேனும் போர்வையோடு போய் அந்த வரிசையில் உட்கார ஆரம்பித்தான். ஒரு மனுஷன் தன் வியாதிக்காகக் காத்துக்கிடந்ததை நான் அப்போதுதான் பார்த்தேன்.

"என்ன கிரேன், வந்துச்சா?"

"இன்னும் இல்ல."

"வண்டி லேட்டுபோல."

"போன் பண்ணிப் பாரு, கிளம்பிடுச்சான்னு."

வரவே இல்லை. எப்படி வரும்? மாத்திரைதான் வேலை செய்கிறதே. டாக்டரம்மா கொடுத்தது நல்ல மருந்து என்பதுதான் இவன் தலையெழுத்து ஆயிற்று. நாளாக ஆக அவன் முகம் தெளிந்துகொண்டே வந்தது, கூட்டத்தின் சிரிப்பும் பெருகிக்கொண்டே வந்தது. மழையும் இளைத்துவிட்டது. ரெண்டு தூறல் போட்டால் அதிகம். அந்த வாரக் கடைசியில் பங்கைப் பிரித்துவிடலாம் என்று மேஸ்திரி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்.

அதற்கப்புறம் கிரேன் செய்த காரியத்தை அவன் பெண்டாட்டிதான் கண்டுபிடித்தாள். ஒரு நாள் காலை நான் கொட்டகையில் நிற்கிறேன், அவள் தலைமுடி கூட முடியாமல் ஓடி வருகிறாள், கையில் மாத்திரை அட்டை.

"அம்மா, இதைப் பாருங்க. தலகாணி உறைக்குள்ள இருந்துச்சு. வாங்கினது வாங்கினபடி இருக்கு. ஒண்ணு கூடப் பிரிக்கல. நாலஞ்சு நாளா முழுங்கற மாதிரி வெறும் தண்ணியக் குடிச்சுட்டு... இது திங்கவே இல்லம்மா."

நாங்கள் இருவரும் பெஞ்சுக்குப் போனபோது அவன் பக்கத்து ஆளிடம் ஏதோ சவடால் விட்டுக்கொண்டிருந்தான். சிகரெட் நாற்றம் அவனிடமிருந்தே வந்தது. அதையும் ஒன்று சேர்த்துப் பிடித்திருக்கிறான், சீக்கிரம் வரட்டுமென்று. பேச்சு நடுவில் அறுந்தது. கை நெஞ்சுக்குப் போயிற்று.

"ஆரம்பிச்சுட்டான்யா" என்றான் ஒருவன். ரெண்டு பேர் கை தட்டினார்கள்.

மேஸ்திரியும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தான். திறந்த வாய் அப்படியே நின்றது. கிரேனின் நெற்றியில் முத்து முத்தாக நிற்கிறது. கன்னத்தில் வழிகிறது. மேஸ்திரி எட்டி அவன் நெற்றியைத் தொட்டான், கையைத் திருப்பிப் பார்த்தான். ஈரம். அந்தக் கதவுக்கு எதிரே உட்கார்ந்து எந்தக் காலத்திலும் எவனுக்கும் வேர்த்ததில்லை. முனகலாம், உருளலாம், கண்ணைச் சொருகலாம், எல்லாம் நடிக்கலாம். அங்கே உட்கார்ந்து வேர்வையை நடிக்க ஒருத்தனாலும் முடியாது. இது அவர்களுக்கு யாரும் படம் போட்டுக் காட்டவேண்டியதில்லை.

"டேய், நெஜம்டா" என்றான் மேஸ்திரி.

கைதட்டினவர்கள் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்கள். பெண்டாட்டிதான் அவன் சட்டைப் பையைத் துழாவிச் சின்ன மாத்திரையை எடுத்து, தாடையைப் பிடித்து நாக்குக்கு அடியில் தள்ளினாள். "முழுங்கித் தொலைக்காத, அப்படியே வெச்சிரு" என்றாள். அழுதுகொண்டே திட்டினாளா, திட்டிக்கொண்டே அழுதாளா, எனக்குத் தெரியவில்லை. வலி இந்தத் தடவை சொன்னபடி விடவில்லை. நான் சத்தம் போட்டு என் வண்டியை எடுக்கச் சொன்னேன். கிரேனை மேஸ்திரி தோளில் தூக்கிக்கொண்டு ஓடி வண்டியில் போட்டான். அவனும் பழைய சுமைக்காரன்தான்.

பிழைத்துக்கொண்டான். ஆனால் இருதயத்தில் ஒரு ஓரம் அடிபட்டுவிட்டதாம், அது இனி சரியாகாதாம். "நிரூபிக்கறதுக்காகவா மாத்திரைய நிறுத்தினீங்க? யார்கிட்ட?" என்று டாக்டரம்மா கேட்டாள். நான் சொன்னேன்: "ஒரு பெஞ்சு நெறைய முட்டாளுங்ககிட்ட, டாக்டர். அதுல பெரிய முட்டாள் இதோ படுத்திருக்கான்." அவன் பெண்டாட்டி ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

மறுநாள் சாயங்காலம் மேஸ்திரி வார்டுக்கு வந்தான். பின்னாலேயே நாலைந்து பேர், கதவோரமாக, செருப்பைக் கையில் பிடித்தபடி. தப்பாயிடுச்சு, மன்னிச்சுக்கோ என்றெல்லாம் ஒருத்தனும் சொல்லவில்லை. அதற்கெல்லாம் அவர்களுக்கு வாய் கிடையாது. மேஸ்திரி மடியிலிருந்து துணி முடிச்சை அவிழ்த்தான்.

"கையை நீட்டு" என்றான்.

ஒரு கையில் ஊசி குத்தி டேப் ஒட்டியிருந்தது. கிரேன் மற்றக் கையை நீட்டினான்.

மேஸ்திரி ஒவ்வொரு நோட்டாக வாய்விட்டு எண்ணி வைத்தான். பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்து பார்த்தார்கள். பாதியில் கிரேன் கையை லேசாகப் பின்னுக்கு இழுத்தான்.

"இது ஓரம் கிழிஞ்சிருக்கு."

"செல்லும்டா."

"உனக்குச் செல்லும். மாத்து."

மேஸ்திரி என் முகத்தைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன். இது அவர்கள் கூட்டத்து விஷயம். தன் சட்டைப் பையிலிருந்து முழு நோட்டாக ஒன்றை எடுத்து மாற்றினான். எண்ணிக்கை விட்டுப்போனதால் எல்லாவற்றையும் திரும்ப வாங்கி, முதலிலிருந்து, முன்னைவிடச் சத்தமாக, விரித்த அந்தக் கையில் கடைசி நோட்டு வரைக்கும் எண்ணி வைத்தான்.