கானில் கொட்டிய பொங்கல்

எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மனுக்குத் திருவிழாப் பொங்கல் வைக்கிற பெண்ணுக்கு மாதவிலக்கு நின்றிருக்க வேண்டும். கோயில் தலைவர் சாராயம் குடித்துவிட்டுத் தீபம் பிடிக்கலாம். அதை யாரும் கேட்க மாட்டார்கள். அம்மாவுக்கு அந்தப் பானையைத் தொட நெடுநாள் ஆசை.

1970களின் நடுவில் அம்மாவுக்கு விலக்கு தள்ளிப்போகத் தொடங்கியது. அப்புத்தளைக் குளிரில் மற்றவர்கள் கம்பளிக்குள் நடுங்க, அவள் திடீரென்று வேர்த்து முந்தானையால் விசிறிக்கொள்வாள். தூக்கமில்லை, எதற்கெடுத்தாலும் எரிச்சல். பிறகு ஐந்தாறு மாதம் ஒன்றுமே இல்லை.

"நின்னுருச்சுடி," என்றாள், பரீட்சை பாஸானவளைப் போல.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. தோட்டத்து மருத்துவச்சியிடம் ஓடிப்போய்க் கேட்டேன்.

"முழுசா ஒரு வருசம் வராம இருந்தாத்தான் நின்னதா அர்த்தம். அதுவரைக்கும் போக்குக் காட்டும்," என்றார்.

அம்மா கேட்டால்தானே. "என் ஒடம்பு எனக்குத் தெரியாதா? போடி."

அந்த வருடம் அம்மாதான் பொங்கல் வைத்தாள். திருவிழாவன்று பானை பொங்கும் நேரத்தில் என் கையை இறுக்கிப் பிடித்தாள். விலக்கு வந்துவிட்டது. மறைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவளோ தலைவரிடம் போய்த் தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டாள்.

"தீட்டுக்காரிய யாருடா உள்ள விட்டது?" என்று அவர் கத்தினார். வாயெல்லாம் சாராய நாற்றம், வேட்டியில் வெற்றிலை எச்சில். பானையைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சாக்கடைக் கானில் கவிழ்த்தார்கள். அரிசி கண்ணில் படாமல் மாவு ரொட்டியில் நாங்கள் காலம் தள்ளிய வருடங்கள் அவை. தட்டோடு வந்த பிள்ளைகள் கானையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அம்மா நின்ற இடத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். அவள் நகரும்வரைகூடப் பொறுக்கவில்லை.

"இனி மொதல்லேருந்து எண்ணணும்," என்றார் மருத்துவச்சி.

எண்ணினோம். இரண்டு திருவிழா கழிந்தபின் அதே தலைவர் எங்கள் லயத்து வரிசைவீட்டு வாசலில் வந்து நின்றார். அதே நாற்றம்.

"அக்கா, இப்ப நல்லா நின்னுருச்சாமே. இந்த வருசம் நீங்கதான் பொங்கல் வைக்கணும்."

"யாருங்க சொன்னது?"

"தோட்டமே பேசுதுங்க."

அம்மா கொழுந்துக் கூடையை இறக்கி வைத்தாள். "என் வெலக்கப் பேசுற வாயிங்களையே பொங்கச் சொல்லுங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார். படியைத் தாண்டுமுன்பே, அவர் நின்ற இடத்தில் அம்மா ஒரு செம்பு மஞ்சள் தண்ணீரை ஊற்றினாள்.