ஐஸ் ஸமட்டும் ஐஸைச் சூடாக்க வந்த மாப்பிள்ளையும்

சாய்ந்தமருதில் அப்துல் ஸமட் என்று விசாரித்தால் யாருக்கும் தெரியாது. ஐஸ் ஸமட் என்றால் வீட்டு வாசல் வரை கூட்டிவந்து விடுவார்கள். மீனுக்குப் போடும் ஐஸ்கட்டி விற்பவர். என் ராத்தா, அதாவது அக்கா, றுகையாவைக் கட்டியவர், ஆகவே எனக்கு மச்சான். அந்த மனிதருக்கு உலகத்தில் ஒரே எதிரி சூடு. விடிந்ததும் சூரியனைப் பார்த்து ஏசுவார். பக்கத்து வீட்டில் அடுப்பு மூட்டினால் ஓடிப்போய் ஐஸ் கொட்டிலின் கதவைச் சாத்துவார். கட்டிகளை உமிக்குள் புதைத்து, மேலே சாக்குப் போட்டு, அதற்கும் மேலே உமி கொட்டி, தூங்கும் பிள்ளையை விட்டு வருவதுபோலச் சத்தமில்லாமல் வெளியே வருவார்.

இவருடைய மகள் அஸ்மியாவுக்குத்தான் நான் மாப்பிள்ளை பேசப் போனேன். சும்மா இருக்க முடியாத எனக்கு இது தேவைதான். பையனுக்கு ஊர் பாலமுனை, பெயர் ஹாதிக். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து ஆராய்ச்சி செய்கிறான். ராத்தாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போனில் பேசிப் பார்த்த அஸ்மியா, முடித்தால் இவரைத்தான் என்று சொல்லிவிட்டாள். வாப்பாவின் சம்மதம் மட்டும்தான் பாக்கி.

"பொடியன் என்ன வேல செய்யிற?" என்று கேட்டார் மச்சான்.

தெரிந்த அளவுக்குச் சொன்னேன். ஆழ்கடலுக்கு அடியில், சேற்றுக்குள், எரிவாயுவும் தண்ணீரும் சேர்ந்து ஐஸாக உறைந்து கிடக்கிறதாம். அதற்குச் சூடு கொடுத்தால் வாயு பிரிந்து வருமாம். அந்தச் சூட்டை எப்படிக் கொடுப்பது என்பதுதான் ஹாதிக்கின் ஆராய்ச்சி.

"ஐஸுக்குச் சூடு காட்டுறவனா?"

"கடலுக்கடியில இரிக்கிற ஐஸுக்கு, மச்சான்."

"எங்க இருந்தா என்ன, ஐஸ் ஐஸ்தானே! கலியாணம் முடிச்சா இஞ்சதானே வந்து இருப்பான். என்ட கொட்டிலுக்குப் பக்கத்துல!"

எங்கள் பக்கத்து வழக்கம் அது. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பான். மச்சான் ஒரு கள்ளனைக்கூட மருமகனாக ஏற்றிருப்பார், இவனை முடியாது என்று நின்றார். அஸ்மியா சாப்பாட்டை நிறுத்தினாள். அதன் பிறகே, "வந்து ஒருநேரம் தின்னட்டும். ஆளப் பாத்துச் சொல்றன்" என்று இறங்கிவந்தார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து ஹாதிக்கும் அவனுடைய உம்மாவும் வந்தார்கள். நாட்டில் காஸ் தட்டுப்பாடு தலைவிரித்தாடிய காலம். அலைந்து திரிந்து கிடைத்தது ஒரு சின்னச் சிலிண்டர். அதைப் பெரிய அடுப்பில் பூட்டி, ராத்தா புரியாணிக்குச் சோறு ஏற்றியிருந்தா. அடுப்பு இழுத்த இழுப்பில் சிலிண்டரின் அடிப்பக்கம் வெள்ளையாகப் பனி பூத்துவிட்டது. எட்டிப்பார்த்த மச்சானுக்குக் கை சும்மா இருக்கவில்லை. கொட்டிலுக்கு ஓடி, உமிச் சாக்குகளைக் கொண்டுவந்து சிலிண்டரைக் கழுத்துவரை மூடிக் கட்டினார். கொஞ்ச நேரத்தில் நெருப்பு சுருங்கியது. பிறகு அணைந்தே போனது. சோறு அரைவேக்காடு.

"என்னகா செஞ்சீங்க!" என்று ராத்தா கத்தியது முன்வாசல் வரை கேட்டது.

"குளிர் போகாமப் பாத்தா காஸும் வீணாப் போகாது எண்டு நெனச்சன்" என்றார் மச்சான். காஸ் போகவில்லைதான். எனக்கு மானம் போனது.

சத்தம் கேட்டு ஹாதிக் பின்பக்கம் வந்துவிட்டான். சாக்குகளை அவிழ்த்தான். தேத்தண்ணிக்கு பிளாஸ்கில் இருந்த சுடுதண்ணியைப் பச்சைத்தண்ணியோடு கலந்து ஒரு பேசனில் ஊற்றி, சிலிண்டரை அதற்குள் நிறுத்தினான். ராத்தா மறுபடி பற்றவைக்க, நெருப்பு நன்றாக எழும்பியது.

"உள்ளுக்க காஸ் தண்ணியாத்தான் இரிக்கி, மாமா. ஆவியாகி வாறதுக்குச் சூடு வேணும். தன்ட சூட்டையே எடுக்கிறதால சிலிண்டர் குளிருது. வெளிக்காத்துச் சூடாவது வந்திரிக்கும், உமி அதையும் மறிச்சிட்டு. கடலுக்கடியிலயும் இதே கததான். காஸ் பிரியப் பிரிய அந்த இடம் குளிர்ந்து, பிரியிறது நிண்டு போகும்."

காரியம் முடிந்தது என்று சந்தோஷப்பட்டேன். மச்சான் பேசனைப் பார்த்தார், பையனைப் பார்த்தார்.

"இவ்வளவுதானா? பேசன்ல சுடுதண்ணி ஊத்தவா வெளிநாட்டுக்குப் போய்ப் படிச்ச?"

"கடலுக்குப் பேசன் வைக்க ஏலாது, மாமா" என்றான் ஹாதிக். குரல் இறங்கிவிட்டது. "மேலருந்து சூட்ட அனுப்பினா வழியில கடல் பறிக்கிது. மிச்சத்தச் சேறு பறிக்கிது. போய்ச் சேருறது கொஞ்சம்தான்."

மச்சான் அப்படியே படியில் உட்கார்ந்தார். "உனக்கும் வழியிலதான் போறதா, மனே?"

"ஓம் மாமா. வழியிலதான்."

"பொத்துவிலுக்கு ஐஸ் ஏத்தினா எனக்கும் அப்படித்தான். லொறிக்குப் பின்னால ரோட்டெல்லாம் ஈரம்." இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து வழியைத் திட்டினார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சரி, இதுவரைக்கும் எவ்வளவு காஸ் எடுத்த?"

"இன்னும் ஒண்டும் இல்ல. கம்ப்யூட்டர்லதான் உருகியிரிக்கி."

மச்சானின் முகம் இறுகியது. "ஒண்டும் கொண்டு வராதவனுக்கு என்ட புள்ளயக் குடுக்கவா?"

திரைச்சீலைக்குப் பின்னால் இருந்து அஸ்மியா பேசினாள். "வாப்பா, லொறி பழுதாகி, ஐஸெல்லாம் தண்ணியாகி, வெறும் சாக்கோட நீங்க வந்த நாளையில உம்மா உங்களுக்குக் கதவப் பூட்டினவவா?"

அகப்பையோடு நின்ற ராத்தா மச்சானைப் பார்க்காமல் சட்டியைக் கிண்டினா. அவவின் கண் கலங்கியிருந்தது, எனக்கும்தான்.

"றுகையா" என்றார் மச்சான் கடைசியில். "சஹன எடு. நானும் மருமகனும் ஒண்டாத் தின்னப் போறம்."

சோறு நடுவில் வேகவில்லை. இருவரும் அந்த ஒரே பெரிய தட்டை மிச்சமில்லாமல் வழித்துச் சாப்பிட்டார்கள்.