குட்டைக்கு விரித்த பாய்

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கச் சந்தில் எங்கள் கடை இருக்கிறது. நானும் என் வீட்டுக்காரரும் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கிறோம். தீப்பெட்டிப் பண்டல் ஏற்றிப்போகும் லாரிகள்தான் எங்களுக்குச் சோறு போட்டன. மூடிய பெட்டி வண்டிகள் பெருகியபின் தையல் மிஷின் சும்மா கிடக்கும் நாட்களும் கூடிவிட்டன. வேலை இல்லாத நாளிலும் அவர் மிஷினுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருப்பார். 

ஒரு கோடையில் இடைசெவல் பக்கத்து விவசாயி ஒருவர் வந்தார். களத்தில் உளுந்து மூட எங்களிடம் தார்ப்பாய் வாங்குகிறவர். அன்று அவர் கேட்டது வேறு.

"ஏம்மா, மொளகாத் தோட்டத்துல ஒரு குட்டை வெட்டிருக்கேன். அடியில பூராஞ் சுக்காங்கல்லு. எம்புட்டு மழை பெஞ்சாலும் தண்ணி நிக்க மாட்டேங்கு. குட்டை முழுக்க விரிக்கிற மாதிரி ஒரே பாயா செஞ்சு தருவியளா?"

வீட்டுக்காரர் தலையாட்டினார், இல்லை என்று. "தச்சா ஊசி ஓட்டை வழியா ஒழுகிரும் அண்ணாச்சி. நமக்கு அந்த வேலை பழக்கமில்ல."

"செஞ்சு பாக்கோம் அண்ணாச்சி," என்றேன் நான்.

அவர் போனதும் வீட்டுக்காரர் என்னிடம் கோபித்துக்கொண்டார். "நீ பாட்டுக்கு ஒத்துக்கிட்டே. ஒழுகுச்சுன்னா அந்த ஊர்ல ஒருத்தர் நம்ம கடைக்கு வருவாவளா?" அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் வேறு எந்த வேலையும் எங்கள் வாசலுக்கு வந்து நிற்கவில்லை.

மதுரையில் தெரிந்தவர் ஒருவரிடம் போய், சூடான காற்றை ஊதி பிளாஸ்டிக் விரிப்புகளை ஒட்டும் கருவியைக் கையாளக் கற்றுக்கொண்டோம். சூடு கூடினால் விரிப்பு பொத்துக்கொள்ளும். குறைந்தால் ஒட்டினது போலவே இருந்து, இழுத்ததும் உரிந்து வரும். வீட்டுக்காரர் ஒட்டிய துண்டுகளைப் பையாக்கி, தண்ணீர் நிரப்பி, கடை உத்தரத்தில் தொங்கவிட்டார். போகிறபோதும் வருகிறபோதும் நான் அதன் அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். கை காய்ந்தே இருந்தது. ஆனாலும் பயம் போகவில்லை. பை வேறு, குட்டை வேறு.

பாயை விரித்த அன்று சுற்றுப்புறத் தோட்டக்காரர்கள் வந்து கரையில் நின்று பார்த்தார்கள். கரையைச் சுற்றி வாய்க்கால் மாதிரி பள்ளம் தோண்டி, பாயின் ஓரத்தை அதற்குள் மடித்துப் போட்டு, தோண்டிய கரிசல் மண்ணையே போட்டு மூடினோம். பிறகு மழைக்குக் காத்திருந்தோம். மழை வரவேண்டும் என்று ஊரே ஏங்கியது. மேகம் கூடினால் எனக்கு மட்டும் பயம்.

ஐப்பசியில் பெரிய மழை கொட்டியது. மறுநாள் காலையில் விவசாயியின் மனைவி போன் செய்தார்.

"ஏம்மா, பாயி நடுவுல வயிறு மாதிரி உப்பிக்கிட்டு நிக்கு. அவிய கரையிலேயே உக்காந்திருக்காவ."

பைக்கில் கிளம்பினோம். தார் ரோட்டைவிட்டு இறங்கியதும் சக்கரத்தில் கரிசல் அப்பிக்கொண்டது. வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தோம்.

அந்த அம்மா சொன்னபடியேதான் இருந்தது. பாய் கறுப்பாக மேலெழுந்து நின்றது. சேர்ந்த தண்ணீர் ஓரங்களில் ஒதுங்கிக் கிடந்தது. வீட்டுக்காரர் இடுப்பில் கயிறு கட்டி இறங்கி, ஒட்டிய இடம் ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தார். எதுவும் விடவில்லை. கோளாறு கரையில் இருந்தது. கோடையில் கரிசல் வெடித்திருந்தது. நாங்கள் மூடிய பள்ளமும் கூடவே பிளந்திருந்தது. அந்த வெடிப்பு வழியாக மழைத்தண்ணீர் பாய்க்கு அடியில் இறங்கி, உள்ளே இருந்த காற்றோடு சேர்ந்து அதைத் தூக்கிவிட்டது.

"நாங்க மூடுனதுதான் தப்பு அண்ணாச்சி. பாயி நல்லாத்தான் இருக்கு," என்றேன்.

"இனி நிக்குமா?"

"நிக்கும்னு நெனைக்கேன். உறுதியாச் சொல்லத் தெரியல."

விவசாயி எழுந்து மண்வெட்டியை எடுத்தார். ஓரத்தைத் தூக்கி அடியில் நின்ற தண்ணீரை வெளியேற்றினோம். பள்ளத்தை இன்னும் ஆழமாக்கி, இந்த முறை வெடிக்காத செம்மண் சரளை அடித்துக் கெட்டியாக்கினோம். குட்டைக்குள் மணல் மூட்டைகளை இறக்கிப் பாயை அமுக்கினோம்.

அடுத்த மழைக்குப் பாய் எழும்பவில்லை. அதன்பின் வானம் வெளுத்துவிட்டது. மிளகாய் பூவெடுத்த சமயத்தில் ஒரு சொட்டு மழை இல்லை. ஒரு மத்தியானம் அந்த விவசாயி போன் செய்தார். மோட்டார் இரைச்சலில் அவர் குரல் பாதிதான் கேட்டது. "தண்ணி பாச்சுதேன்மா" என்றது மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது. நான் போனை வீட்டுக்காரர் காதில் வைத்தேன். அவர் அந்த இரைச்சலையே கேட்டுக்கொண்டிருந்தார்.

கரையில் நின்று பார்த்தவர்களில் இருவர் அடுத்த கோடையில் எங்களைத் தேடி வந்தார்கள். பாஞ்சாலங்குறிச்சிப் பக்கமிருந்தும் ஆட்கள் வந்தார்கள். மண்புழு உரத் தொட்டிக்கு, ஆடுகள் தண்ணீர் குடிக்கும் தொட்டிக்கு என்று கேட்கிறார்கள். லாரித் தார்ப்பாய் எப்போதாவது வருகிறது.

போன வாரம் மணியாச்சியில் மீன் வளர்க்க ஒரு வட்டத் தொட்டிக்குப் பாய் கொடுத்தோம். இது பள்ளமில்லை. தரைக்கு மேலே, கம்பிக் கூட்டுக்குள் தண்ணீர் நிற்கவேண்டும். தண்ணீர் ஏற ஏற கம்பிகள் முனகின. வீட்டுக்காரர் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். விளிம்பை எட்டியதும் மோட்டாரை நிறுத்தினார்கள். எங்கும் ஒழுகவில்லை. நாங்கள் இருவரும் வெகுநேரம் அங்கேயே நின்றோம், ஒருவர் கையை ஒருவர் பிடித்திருப்பது தெரியாமலே.