தொரைக்குக் கிள்ளி வைத்த தலை

கீழ்வீட்டில் யாரோ கருவாடு பொரிக்கிறார்கள். செம்பூரில் எங்கள் பழைய கட்டடத்தை இடித்துக் கட்டிய இந்த டவரில், இத்தனை மாடி ஏறி வந்து அந்த வாசனை என்னைக் கண்டுபிடித்துவிட்டது. நாகரிகமாக முகம் சுளிக்க வேண்டியவள்தான் நான். ஆனால் சன்னலைத் திறக்கக் கை தானாகக் கொக்கிக்குப் போகிறது.

இதே இடத்தில்தான், தரைத்தளத்தில், எங்கள் வீடு இருந்தது. பின்னால் நாலு பாய் விரிக்கும் அளவுக்குத் தோட்டம். ஒரு சப்போட்டா மரம், அம்மாவின் கறிவேப்பிலை, குட்டையான மதில். இலைகளுக்குள் புகுந்து வந்த வெயிலில் அந்தக் காலைகள் எல்லாமே பச்சையாக இருந்தன என்றுதான் எனக்கு ஞாபகம். அம்மா நொய்யரிசி தூவுவாள். சிட்டுக்குருவி, மைனா எல்லாம் வரலாம், காக்கா மட்டும் கூடாது. மேல்வீட்டு மாமி அமாவாசை தவறாமல் மொட்டைமாடியில் காக்காவுக்குச் சோறு வைப்பவர். நாங்களோ நாசரேத் பக்கத்துக் கிறிஸ்தவர்கள். மதிலில் காக்கா கொத்துவதைச் சபையார் பார்த்தால், நாங்களும் திதி கொடுப்பதாக நினைத்துவிடுவார்களே என்று அம்மாவுக்கு உள்ளூரப் பயம்.

"ஏட்டி, அத வெரட்டு. பாக்கவிய என்ன நெனப்பாவ?"

அப்பாவுக்கு அந்தப் பயமெல்லாம் இல்லை. குழம்புக்கு ஆய்ந்த கருவாட்டின் தலைகளை லுங்கி மடியில் ஒளித்துக்கொண்டு பின்கதவால் நழுவுவார். ஒரு கால் கோணலான காக்கா ஒன்று மதிலில் காத்திருக்கும். அதற்குத் தொரை என்று பெயர்.

"என்ன தொர, இன்னைக்கு லேட்டு? ட்ரெயின் கெடைக்கலியா?"

தொரை தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொள்ளும். அடுப்படியில் அம்மா பாத்திரத்தை உருட்டுவாள்.

ஒரு மழைக்காலத்தில் அப்பா போய்விட்டார். தொரை தினமும் வந்து பின்கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மாமி ஆறுதலாகத்தான் சொன்னார்: "அவரேதான் வந்திருக்கார்னு வெச்சுக்கோங்கோ. ஒரு பிடி சாதம் வைங்கோ."

"எங்களுக்கு அப்படியெல்லாம் கெடயாது மாமி. அவிய கர்த்தர்ட்ட இருக்காவ" என்றாள் அம்மா. அன்றோடு நொய் தூவுவதையும் நிறுத்திவிட்டாள். குருவிகள் என்ன பாவம் செய்தன?

நினைவு ஜெபத்துக்குச் சபையார் வந்திருந்தார்கள். உபதேசியார் கண்ணை மூடி ஜெபிக்கும்போது தொரை கரைய ஆரம்பித்தது. விடுவதாக இல்லை. நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். பாதிச் சபையும் ஒரு கண்ணில்தான் இருந்தது. அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். டப்பாவிலிருந்து ஒரு கருவாட்டை எடுத்துத் தலையைக் கிள்ளி, எல்லோருக்கும் நடுவில் நடந்துபோய் மதிலில் வைத்தாள்.

"இந்தா தொர, தின்னு."

மேல்வீட்டுச் சன்னலில் மாமி கைகூப்பினார். அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"இது அவிய இல்ல மாமி. அவிய வளத்தது. பசிக்கும்லா."

அவள் உள்ளே வந்து உட்காரும்வரை காத்திருந்துதான் உபதேசியார் ஆமென் சொன்னார். அம்மாவை எனக்கு அன்றைக்குப் பிடித்ததுபோல் என்றைக்கும் பிடித்ததில்லை.

சப்போட்டா போயிற்று. மதில் போயிற்று. அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். குருவிகள் எந்தப் பக்கம் போயின என்று யாரும் கேட்கவில்லை. என் சன்னலுக்கு வெளியே புறா வராமலிருக்க வலை அடித்திருக்கிறார்கள். கொக்கியை நீக்கினாலும் கைக்கு வலைதான் தட்டுப்படும். தாதர் மார்க்கெட்டுக்குப் போகும்போது நானும் கருவாடு வாங்கி வருவதுண்டு. ஆயும்போது தலையைக் கிள்ளித் தனியாக ஒரு கிண்ணத்தில் வைத்துவிடுகிறேன். சாயங்காலம் அதைக் குப்பையில் கொட்டுகிறேன்.