ஊசியக்காவின் பச்சைத் திரை

மூன்றாம் மாடியில் தையல் இயந்திரம் வைத்திருப்பவளைத் தெருவில் எல்லோரும் ஊசியக்கா என்பார்கள். ஆள் ஒல்லி, பேச்சு குத்தல்; பெயர் ஒட்டிக்கொண்டது. பதினெட்டு வருடமாகப் பெண்களுக்கு மட்டும் தைக்கிறாள். பேருந்து ஓட்டும் கணவர் விடியுமுன் கிளம்பிவிட்டால், பகல் முழுக்க அவளும் இயந்திரமும்தான். தைத்ததைப் போட்டுப் பார்க்க, பால்கனியை ஒட்டிய வெளிச்சமான அறை ஒன்றுதான் உண்டு.

அந்த அறைக்குத்தான் வந்தது வினை. எதிர்க் கட்டடத்து ஜன்னலிலிருந்து யாரோ பார்ப்பதாக முதலில் சொன்னவர் பள்ளிக்கூட டீச்சர். "முதுகெல்லாம் கூசுது ஊசி" என்று பாதி மாற்றிய உடையோடு வெளியே வந்துவிட்டார். அதன்பின் இரண்டு பேர் வருவதையே நிறுத்தினார்கள். துணித்திரை கட்டினால் வெளிச்சம் போய்விடும். கட்டாவிட்டால் வாடிக்கை போய்விடும். கொடி வளர்க்கலாம் என்று செடிக்கடைக்குப் போனாள்.

"காகிதப்பூ வைங்க, சீக்கிரம் அடர்ந்துடும்" என்றார் கடைக்காரர்.

"முள்ளு துணியைக் கிழிக்குமே அண்ணே."

"அப்ப சங்குப்பூ?"

"வெள்ளைத் துணியில நீலம் ஏறினா நீங்க வாங்கி உடுத்திக்குவீங்களா?"

"மாப்பிள்ளை தேடுறதுகூட இவ்வளவு கஷ்டமில்லம்மா!"

கடைசியில் பாஷன் பழக் கொடி. முள் இல்லை, மேற்கு வெயிலைத் தாங்கும், இலை உதிர்ந்து மொட்டையாகாது. இரண்டு ஆழமான தொட்டி, ஒரு வலை. நான்கு மாதத்தில் தரையிலிருந்து கூரைவரை பச்சைச் சுவர். டீச்சரும் திரும்பி வந்தார்.

ஒரு திங்கட்கிழமை காலை, கண் உயரத்தில், ஒரு முகம் அடங்கும் அளவுக்குக் கொடியில் இடைவெளி. பூச்சி தின்றிருக்கும் என்று பக்கத்துக் கொடிகளை இழுத்துக் கட்டினாள். மறுநாள் அதே இடம் திறந்திருந்தது. காம்புகள் சீராக வெட்டப்பட்டிருந்தன. அவளுடைய துணிக் கத்தரிக்கோலில் பச்சைச் சாறு காய்ந்திருந்தது. முனை மழுங்கும் என்று ஒரு காகிதத்தைக்கூட அதில் வெட்ட விடாதவள் அவள்.

கணவரிடம் சண்டைக்குப் போனாள்.

"தொட்டா கையை வெட்டிடுவேன்னு நீதானடி சொன்ன? பஸ் ஓட்டக் கை வேணாமா எனக்கு?" என்று சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று பகல், வீட்டைப் பூட்டிக்கொண்டு எதிர்க் கட்டடத்துக்கே போய்விட்டாள்.

"அந்த ஜன்னல் வீடா? ஒரு வருஷமா காலியால்ல கிடக்கு" என்றார் காவலாளி. நம்பாமல் நின்றவளை அழைத்துப் போய்க் கதவைத் திறந்துகாட்டினார். தரையெல்லாம் தூசி. அதில் ஒரு காலடித் தடம்கூட இல்லை. அவர்கள் நடந்த பிறகு அவர்களுடையது மட்டும் இருந்தது.

ஜன்னலருகே போய்த் தன் வீட்டைப் பார்த்தாள். இலை அடர்ந்த பச்சைச் சுவர். நடுவில் அந்த ஓட்டை. ஓட்டையில் ஒரு முகம், அசையாமல், அவளையே பார்த்துக்கொண்டு.

வீட்டுச் சாவி அவள் கைக்குள் இருந்தது.

காவலாளியும் எட்டிப் பார்த்தார். "வீட்டுல யாரும்மா, தங்கச்சியா? அப்படியே உங்க ஜாடை."

அவளுக்குத் தங்கை கிடையாது. மூன்று மணிக்கு டீச்சர் வருவதாகச் சொல்லியிருந்தது நினைவுக்கு வந்தது. அங்கேயே நின்று போன் செய்தாள்.

"டீச்சர், இன்னைக்கு வராதீங்க."

"ஏன் ஊசி? கொடிதான் நல்லா மறைச்சிருச்சே!"

"மறைச்சிருச்சு டீச்சர். பார்க்குறது வெளியில இல்ல."

சாயங்காலம் கணவர் வந்த பிறகுதான் மாடி ஏறினாள். வீட்டில் யாரும் இல்லை. அடுத்த வாரமே இயந்திரத்தைக் கடைத்தெருவில் ஜன்னலில்லாத ஓர் அறைக்கு மாற்றிவிட்டாள். பகலிலும் விளக்குப் போட்டுத்தான் தைக்கிறாள். வாடிக்கை ஒன்றும் குறையவில்லை. ஆனால் அங்கே கண்ணாடி மட்டும் மாட்டவில்லை. யாராவது கேட்டால், "நான் பார்த்துச் சொல்றேனே, போதாதா?" என்கிறாள்.