கிரீடமும் நைட்டியும்

ராஜபாளையத்துக் கல்யாண மண்டப வாசல்களில் கைகூப்பி நிற்கும் பொம்மைகளும், ரசிகர் மன்றத்தார் கேட்கும் நடிகர் சிலைகளும் பெரும்பாலும் கனகலட்சுமி தன் பட்டறையில் ஃபைபரில் செய்தவை. அடுத்தவர் கேட்டதையே செய்துவந்தவள், போன வருடம் தன் மனதில் இருந்த ஒன்றைச் செய்தாள். அது ஒரு பாரதமாதா. தலையில் கிரீடம், உடம்பில் பூப்போட்ட நைட்டி, தோளில் துண்டு, இடுப்பில் பிளாஸ்டிக் குடம். சிங்கம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு ராஜபாளையம் நாய். தண்ணீர் லாரிக்கு ஓடும் தன் தெருப் பெண்களை நினைத்துத்தான் செய்தாள். கேலி அவள் மனதில் இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பொன்னுராஜ் என்பவர் தன் சிறிய அரங்கில் அதை வைத்தார். பார்க்க வந்த பெண்கள் சிரித்துக்கொண்டே பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்தார்கள். மறுநாளே அதில் ஒரு படம், 'நாட்டை அவமதிக்கும் சிலை' என்ற வரியோடு வாட்ஸ்அப்பில் சுற்றியது.

அன்று மதியம் அவள் அரங்கில் இருக்கும்போது, வடக்கே எல்லையிலிருந்து கணவன் சிவபாண்டி போனில் கூப்பிட்டான். ராணுவத்தில் ஹவில்தார்.

"ஏட்டி, என்னத்தச் செஞ்சு வச்சிருக்க? எங்க யூனிட் குரூப்புலயே வந்துருச்சு. ஆபீசர் என்னைய வரச் சொல்லிருக்காரு."

"உங்க வேலைக்கு ஏதும் வந்துருமாங்க?"

"தெரியல," என்று வைத்துவிட்டான்.

அதற்குள் பொன்னுராஜ் பதறிக்கொண்டு வந்தார். "தங்கச்சி, சாயங்காலம் கூட்டமா வந்து உடைக்கப்போறோம்னு சொல்லுதாங்க. இப்பவே எடுத்துட்டுப் போயிரும்மா."

லோடு ஆட்டோவில் படுக்கவைத்தால் குடம் பிடித்த கை முறியும். அதனால் நிறுத்திக் கட்டி, போர்வையால் மூடி, தானும் பின்னால் ஏறிப் பிடித்துக்கொண்டாள். ஊரைத் தாண்டியதும் காற்றில் போர்வை பறந்துவிட்டது. பின்னால் வந்த ஒவ்வொரு பைக்கையும் அது கடந்து போகும்வரை பார்த்துக்கொண்டே வந்தாள். ஒருவன் நெருங்கி வந்து உற்றுப் பார்த்தான். அவள் சிலையை இறுகக் கட்டிக்கொண்டாள்.

"யக்கா, நாய் அசல் அப்பிடியே இருக்கு!" என்று கத்திவிட்டு முந்திப் போனான். அவளால் சிரிக்க முடியவில்லை.

பட்டறையில் சிலையை இறக்கிக் கதவைச் சாத்திய பிறகுதான் போன் மறுபடி அடித்தது.

"யார் செஞ்சதுன்னு ஆபீசர் கேட்டாரு. என் பொண்டாட்டிதான் செஞ்சா, எங்க ஊர்ப் பொம்பளைக அப்பிடித்தான் இருப்பாகன்னு சொல்லிட்டேன்."

"பொறவு?"

"படத்தையே ரொம்ப நேரம் பார்த்தாரு. போகச் சொல்லிட்டாரு. இனிமே என்ன வருமோ, வரட்டும்."

வாசலில் ஏதோ வண்டி நிற்கும் சத்தம் கேட்டது. போனைக் காதிலிருந்து எடுக்காமலே எழுந்து, ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். எதிர்வீட்டுக்கு வந்த கேஸ் சிலிண்டர் வண்டி.